புகை தின்ற பெயர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு லுவாவின் கதையைச் சொல்கிறேன். ஒரு துண்டுக் காகிதத்தில் மிச்சமிருந்த துளி மையின் கதை அது. சிரிக்க இரண்டொரு இடம் வரும். மற்ற இடங்களுக்குத் துணி ஏதாவது கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹனோய்க்குத் தெற்கே ஹா நாமில், சந்தைக்குத் திரும்புகிற முக்கில் லுவாவின் கடை. கொதிக்கிற பானையின் வாயில் துணி கட்டி, அரிசி மாவை அதன்மேல் மெல்லிசாகத் தடவி, வெந்ததும் மூங்கில் பட்டையால் ஒரே வீச்சில் எடுப்பாள். உள்ளே காளானும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டுவாள். அவளுக்கு ஐம்பது வயது. அவள் புருஷன் ஹோய் பக்கத்தில் உட்கார்ந்து மீன்சாற்றில் மிளகாய் நறுக்கிப் போடுவான். கை செய்கிற வேலையைவிட வாய் செய்கிற வேலை அதிகம்.

லுவாவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் துவான். பத்தொன்பது வயதில் போருக்குத் தெற்கே போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் குவாங் திரி மலையில் இறந்தான் என்று ஒரு தாள் வந்தது. தாள்தான் வந்தது, உடம்பு வரவில்லை.

அம்மா இருபத்தெட்டு வருடம் பொறுத்தாள். பிறகு ஊரில் எல்லோரும் செய்ததையே அவளும் செய்தாள். செத்தவர்களோடு பேசுகிறேன் என்று சொல்லும் ஒரு குறிகாரியிடம் போனாள். குறிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மலைச்சரிவையும், இரட்டையாகப் பிளந்த ஒரு மரத்தையும் சொன்னாள். லுவாவும் ஹோயும் போய்த் தோண்டினார்கள். செம்மண்ணில் கரைந்துபோன கொஞ்சம் எலும்பு, ரப்பர் செருப்பின் ஒரு வார், ஒரு பெனிசிலின் மருந்துக் குப்பி.

அந்தக் குப்பிக்கு ஓர் அர்த்தம் உண்டு. படையில் ஒருவன் விழுந்தால், மிஞ்சின தோழன் ஒரு துண்டுத்தாளில் அவன் பெயரையும் ஊரையும் எழுதி, காலி மருந்துக் குப்பியில் போட்டு, ரப்பர் மூடியால் இறுக்கி, உடம்போடு புதைப்பான். என்றைக்காவது யாராவது தோண்டும்போது இவன் இன்னார் என்று தெரியட்டும் என்றுதான். இந்தக் குப்பியின் மூடியோ கசிந்துவிட்டிருந்தது. உள்ளே இருந்த தாள் முழுக்க வெளுப்பு. எழுத்து இல்லை.

"பேரு தெரியலையே?" என்று லுவா தொலைபேசியில் அழுதாள்.

"உங்கண்ணன் கூச்ச சுபாவம்ல? அதான் காட்ட மாட்டேங்குறான்," என்றாள் குறிகாரி.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "ஆமாடி, சின்ன வயசுலயே அவன் அப்படித்தான். யாராச்சும் பேரு கேட்டா என் பின்னால ஒளிஞ்சுக்குவான்."

ஊர் அலுவலகம் அப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. எலும்பைச் சோதனைக்கு அனுப்பினார்கள், மக்கிப்போனதில் ஒன்றும் தேறவில்லை. வீரர் மயானத்தில் இடம் தருகிறோம், ஆனால் கல்லில் 'பெயர் தெரியவில்லை' என்றுதான் வெட்டுவோம் என்றார்கள். "என் புள்ளைய அனாதைன்னு எழுதவா பெத்தேன்?" என்று அம்மா எலும்புப் பேழையைத் தூக்கிக்கொண்டு வந்து, சொந்த வயலோரம் புதைத்தாள். காகிதத்தை விரித்துச் சட்டத்தில் பொருத்திப் பூசை மேடையில் வைத்தாள். கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டாள். "கண்ணாடி போட்டா அவனுக்கு மூச்சு முட்டும்." அதற்கு நேர் முன்னால் ஊதுவத்திக் கிண்ணம். அம்மா இருந்தவரை அம்மா, அவளுக்குப் பின் லுவா, நாள் தவறாமல் மூன்று வத்தி.

சாகும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மகன் பக்கத்தில் கிடத்தச் சொல்லி. கிடத்தினார்கள்.

மூன்று வருடம் ஆனது. ஊர் வழக்கப்படி எலும்பெடுத்துக் கழுவி நிரந்தரக் கல்லறையில் வைக்கிற காலம் வந்தது. அம்மாவையும் அண்ணனையும் ஒரே கல்லறையில் சேர்த்து, இரண்டு பெயரையும் வெட்ட வேண்டும் என்பது லுவாவின் ஆசை. அண்ணன் பெயரை வெட்டச் சான்று வேண்டும். அப்போதுதான் ஹனோயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அழிந்த மையை லேசர் வெளிச்சத்தால் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். காகிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பழைய குப்பியிலேயே சுருட்டிப் போட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

ஆய்வுக்கூடத்தில் குவே என்ற பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைமுடியைச் சுருட்டி ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். குப்பியை இரண்டு கையாலும் வாங்கி நெற்றிக்கு நேரே உயர்த்தி இறக்கினாள். லுவாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"காகிதம் குப்பியிலதான் இருந்துச்சா அக்கா?"

"குப்பியிலதான் இருந்துச்சு தங்கச்சி."

பொய் இல்லை. ஆனால் நடுவில் பன்னிரண்டு வருடம் விட்டுப்போயிற்று. தாளின் பழுப்பைப் பார்த்து, மண்கறை என்று குவே நினைத்துக்கொண்டாள். அவளிடம் வருகிற தாளெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து வருபவை.

"இதுல எப்படிம்மா படிப்ப? வெறுந்தாளால்ல இருக்கு," என்றான் ஹோய்.

"கண்ணுக்குத்தான் வெறுந்தாளு அண்ணே. எழுதினது ஊதா மை, நம்ம பள்ளிக்கூடத்து மை. தண்ணி அதைக் கழுவிட்டாலும் நாருக்குள்ள சாயம் கொஞ்சம் சிக்கிக்கிட்டு நிக்கும். மூலக்கூறுன்னு சொல்லுவோம், அவ்வளவு பொடிசு. அதுக்குப் பிடிச்ச நிறத்துல வெளிச்சம் கொடுத்தா முழுங்கிடும். முழுங்கினதை வெச்சுக்கத் தெரியாது. கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது, திருப்பித் துப்பிடும். துப்புறப்ப நிறம் மாறியிருக்கும். நான் பச்சை கொடுப்பேன், அது சிவப்பைத் துப்பும். அந்தச் சிவப்பை மட்டும் கேமரா சேத்து வெச்சுக்கும்."

"எங்க வீட்டுப் பூனையேதான்," என்றான் ஹோய். "மீனைப் போட்டா ஒரே முழுங்கு. அப்புறம் என் செருப்புமேல வந்து கக்கும். வேற நிறத்துல."

"வாய மூடுறீங்களா? வந்த இடத்துல பூனையும் செருப்பும்," என்று லுவா இடித்தாள்.

குவே சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "பூனை பத்து வருசம் கக்கும் அண்ணே. இது அப்படி இல்ல. ஒவ்வொரு தடவ வெளிச்சத்த முழுங்குறப்பவும் இது கொஞ்சம் நிலைகுலைஞ்சு போகும். அந்த நேரம் பாத்துக் காத்துல இருக்கிற ஆக்சிஜன் பக்கத்துல வந்தா கடிச்சிடும். இத்தனை தடவைன்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கப்புறம் முழுங்கவும் செய்யாது, துப்பவும் செய்யாது. செத்துப்போயிடும். அதனால அளந்துதான் வெளிச்சம் போடணும். படிக்கப் படிக்க அழியும். ரெண்டாந்தடவை படிக்கக் கிடைக்காது."

லுவா அதை உடனே புரிந்துகொண்டாள். ஆவியில் கிடக்கிற மாவுத்தாளுக்கு ஒரு நொடிதான் பக்குவம், எடுக்கத் தவறினால் கிழிந்துவிடும்.

அறையை இருட்டாக்கினார்கள். ஒரு பச்சைக் கோடு புறப்பட்டு வந்து காகிதத்தின் முதல் வரியில் விரிந்தது. பெயர் எழுதுகிற இடம் அது. திரையில் எழுத்து வரவில்லை. காகிதம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலாக ஒளிர்ந்தது, பனிமூட்டத்துக்குள் யாரோ விளக்கைப் பிடித்தாற்போல. குவே முணுமுணுத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். நேரத்தையும் நீட்டினாள். மூட்டம் பெரிதானதே தவிர எழுத்து எழவில்லை.

சட்டென்று பச்சையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டாள். காகிதத்தை இடுக்கியால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை லுவா பார்த்தாள்.

"அக்கா, இது எங்க இருந்துச்சு?"

"பூசை மேடையில."

"எத்தனை வருசம்?"

"பன்னெண்டு."

"முன்னால வத்தி ஏத்துனீங்களா?"

"ஏத்தாம?" லுவாவுக்குக் கோபம் வந்தது. "நாலு நாள் ஏத்தாம விட்டா பசியோட கிடக்க மாட்டானா? தெனமும் மூணு. அமாவாசை பௌர்ணமிக்கு ஒரு கத்தை."

குவே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஊதுவத்தி எரியுறப்ப பிசுபிசுன்னு ஒரு தார் வரும் பாருங்க. அதுவும் இதே மாதிரி மூலக்கூறுதான். அதுவும் பச்சையத் தின்னும். தின்னுட்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எல்லா நிறத்துலயும் கத்தும். இந்த மை முணுமுணுக்கத்தான் செய்யும். பன்னெண்டு வருசப் புகை ஒண்ணாக் கத்துறப்ப அந்த முணுமுணுப்பு எங்க கேக்கும்?"

லுவா தன் கைகளைப் பார்த்தாள். ஹோய்க்கு இந்த முறை வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னொன்னும் சொல்லியாகணும்," என்றாள் குவே. குரல் இறங்கியிருந்தது. "முதல் வரியில நாலு நிமிசம் பச்சைய வெச்சுட்டேன். புகை கத்துனப்ப அதுக்கடியில மையும் வெந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாது. முதல்லயே மோந்து பாத்திருக்கணும். தப்பு என்னுது அக்கா."

"நான் சொல்லியிருக்கணும்," என்றாள் லுவா.

ஒருவரையொருவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் குவே எழுந்து, மூலையில் போர்வை மூடிக் கிடந்த ஒரு பெட்டியைத் தட்டினாள். "இது பழைய லேசர். இதோட உசிரே சாயம்தான். சாராயத்துல கரைச்ச சாயம் இந்தக் குழாயில ஓடும். பட்டகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சத்தோட நிறம் மாறும். ஆரஞ்சுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன்னா புகை அதை அனேகமாத் தொடாது. ஊதா மைக்கு ஆரஞ்சுன்னா உசிரு. காத்த எடுத்துட்டு நைட்ரஜன் நிரப்பிக் குளிர வெச்சுப் படிப்போம், சாயம் இன்னும் கொஞ்சம் தாங்கும். மெஷினை எழுப்ப ஒரு வாரம் கொடுங்க. அடுத்த வியாழக்கிழமை வாங்க."

அந்த ஒரு வாரம் லுவாவுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் பூசை மேடைக்கு முன் நின்று தீக்குச்சியைக் கிழித்தாள். சட்டம் காலியாக இருந்தது. வத்தியிடம் நெருப்பைக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. குச்சி எரிந்து விரலைச் சுட்டது. ஹோய் வந்து வத்தியை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"பழம் மட்டும் வெச்சிரு. ஒரு வாரம் பழம் தின்னா ஒண்ணும் ஆகாது."

"நாந்தான் அவன் பேர மூடிட்டேனாங்க?"

"உங்கம்மாவும் சேந்துதான். அவங்கள யாரு கேக்குறது? நம்ம நாட்டுல புகை போடாம யாரு சாமி கும்பிட்டா, சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "துவான் பேருதான் வரும். கவலைப்படாத," என்றான். அவனுக்கும் உறுதியில்லை என்று குரலே சொல்லிற்று.

வியாழக்கிழமை வந்தது. பழைய லேசர் விழித்திருந்தது. கண்ணாடிக் குழாயில் ரோஜா நிறச் சாயம் சுற்றிச் சுற்றி ஓடியது. காகிதம் ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரில் கிடந்தது. குவே கண்காப்பு மாட்டிவிட்டு, விளக்கை அணைத்தாள். ஆரஞ்சு வெளிச்சம் காகிதத்தின்மேல் படர்ந்தது. மூட்டம் எழவில்லை. புகை வாயடைத்துக் கிடந்தது.

"முதல் வரி," என்றாள் குவே.

திரை கருப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வரியின் கோடியில் ஒரு வளைவு, எந்த எழுத்தின் வாலோ, அரைகுறையாகத் தெரிந்தது. அது யாருடைய வாலாகவும் இருக்கலாம். குவே கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள்.

"போச்சு அக்கா. பேரு போச்சு."

"கீழ் வரிக்குப் போம்மா," என்று ஹோய்தான் சொன்னான்.

இரண்டாம் வரியில் சிவப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின. முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு தூறல் போல. புள்ளிகள் சேர்ந்து கோடாயின, கோடு எழுத்தானது. இறந்த தோழனுக்காக ஒருவன் அவசரத்தில், முழங்காலில் வைத்து எழுதின கையெழுத்து, நாற்பது வருடம் கழித்து அந்த இருட்டில் மேலே வந்தது. லுவா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஹா நாம் என்று வரும் என்று உதடு தயாராக இருந்தது.

தான்ஹுவா என்று வேறொரு ஊர் வந்தது.

"தான்ஹுவாவா?" என்றான் ஹோய். "எழுதினவன் மாத்தி எழுதியிருப்பானோ? குண்டு விழுற நேரத்துல ஊரு குழம்பாதா?"

மூன்றாம் வரி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. 'அம்மாவுக்குச் சொல்லவும். வூ தி முய்.'

குவே மெதுவாகத் திரும்பினாள். "உங்க அம்மா பேரு...?"

"அது இல்ல," என்றாள் லுவா.

அண்ணன் இரண்டாவது முறை செத்தான். முதல் தடவை அவளுக்குப் பத்து வயது, அழுகை என்னவென்று முழுதாகத் தெரியாது. இப்போது தெரியும். ஆனால் அழ வரவில்லை. பன்னிரண்டு வருடம் சோறு வைத்தது யாருக்கு? அம்மா பக்கத்தில் கிடப்பது யார்? அதுதான் நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆரஞ்சு வெளிச்சம் அணைந்தது. குவே விளக்கைப் போட்டாள். "காகிதத்துல இனிமே மை இல்ல அக்கா. முழுசா தீந்துபோச்சு. இந்தப் படம் ஒண்ணுதான் மிச்சம்."

அந்த நேரம் லுவாவுக்கு ஓர் எண்ணம் வந்தது. உங்களிடம் மறைப்பானேன்? அந்தப் படமும் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா பக்கத்தில் அவன் துவானாகவே கிடப்பான். கல்லில் பெயர் வராது, அவ்வளவுதானே?

"இத எழுதி வெச்சுத்தான் ஆகணுமா தங்கச்சி?"

குவே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "காகிதம் நீங்க கொண்டுவந்தது. நீங்க சொல்றதைச் செய்யிறேன்," என்றாள் கடைசியில்.

லுவா திரையையே பார்த்தாள். முய், முய் என்று அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். தன் அம்மா சாப்பாட்டு நேரத்தில் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பாளே, அந்தக் கழுத்து ஞாபகம் வந்தது.

"இந்த அம்மா உசிரோட இருக்காங்களான்னு விசாரிக்க முடியுமா?"

குவே அந்த ஊர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். முய் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மருமகள் இருக்கிறாள், பெயர் சென் என்றார்கள்.

அடுத்த வாரம் லுவாவும் ஹோயும் அச்சடித்த படத்தோடு தான்ஹுவா போனார்கள். அறுபதைத் தாண்டின ஒரு மெலிந்த பெண் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஹா நாம்காரங்களா? ஆபீஸ்ல சொன்னாங்க. உள்ள வாங்க. தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும், பரவாயில்லையா?" என்றவள், அவர்கள் உட்காருவதற்குள் கேட்டுவிட்டாள். "யாரு கிடைச்சது? பெரியவரா, சின்னவனா?"

லுவாவுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பூசை மேடையைப் பார்த்தாள். நடுவில் கிழவியின் படம். இரண்டு பக்கமும் ராணுவத் தொப்பி வைத்த இரண்டு இளைஞர்கள்.

"இது வின், என் வீட்டுக்காரரு. கல்யாணமாகிப் பதினோரு நாள்ல போனாரு. இது லிக், என் கொழுந்தன். பதினேழு வயசு. அவன் தலையில பேன் பாத்து விட்டதே நாந்தான். ரெண்டு பேரும் அதே மலைக்குத்தான் போனாங்க. ஒருத்தரும் வரல." சென்னின் கண் லுவாவின் கைப்பையிலேயே இருந்தது. "சொல்லு தங்கச்சி. யாரு?"

லுவா படத்தை எடுத்து விரித்தாள். கருப்பாகக் கிடந்த முதல் வரியைக் காட்டினாள். பன்னிரண்டு வருட வத்தியையும், பச்சை வெளிச்சத்தையும், வெந்துபோன மையையும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தப்பில் பாதி ஆய்வுக்கூடத்துடையது என்று ஹோய் இடையில் புகுந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

சென் உரித்த கடலை ஒன்றை விரலில் பிடித்தபடியே இருந்தாள்.

"அப்ப எங்காளுக்குப் பன்னெண்டு வருசம் சோறு போட்டிருக்க," என்றாள். "போட்டுட்டு அவன் பேர மட்டும் தின்னுட்ட."

"ஆமாக்கா."

சென் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அரிசி களைகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அத்தனை நேரம் களைய வேண்டிய அரிசி உலகத்தில் இல்லை. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. மூன்று கிண்ணம் எடுத்து வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஹா நாம் வரைக்கும் பசியோட அனுப்பினா என் மாமியா என்ன சும்மா விட மாட்டா."

சாப்பாட்டின் நடுவில் சென் கேட்டாள். "நெசமாவே தெனமும் மூணு வத்தியா?"

"தெனமும்."

"என் வீட்டுக்காரருக்குப் புகை ஆகாது. இருமிக்கிட்டே கிடப்பாரு." சாப்பிடும் குச்சியால் ஒரு பருக்கையைத் தள்ளினாள். "லிக்குன்னா சமாளிச்சிருப்பான்."

முதலில் சிரித்தது யாரென்று ஹோய்க்கு இன்றைக்கும் தெரியாது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்களும் அழ ஆரம்பித்திருந்தார்கள்.

குளிர்காலத்தில் நல்ல நாள் பார்த்தார்கள். அம்மாவின் எலும்பை எடுத்து, வெயில் படாமல் மேலே பாய் பிடித்து, வாசனைத் தண்ணீரில் கழுவி, புதுப் பேழையில் வைத்தாள் லுவா. பக்கத்தில் இருந்த சின்னப் பேழையைச் சென் தானே இறங்கி எடுத்தாள். யாரையும் தொட விடவில்லை. சிவப்புத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். வழியனுப்ப லுவாவும் கூட ஏறினாள், முதல் பாலம் வரை.

செத்தவர்களை ஊருக்குக் கொண்டுபோகும்போது பாலம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆவி தண்ணீரைக் கண்டு தயங்கி இந்தக் கரையிலேயே நின்றுவிடும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் குவாங் திரியிலிருந்து வரும்போது, வழியில் இருந்த அத்தனை பாலத்திலும் லுவா கூப்பிட்டாள், 'துவான், அண்ணா, பாலம் வருது' என்று. மடியில் இருந்தவன் அது தன் பெயர் இல்லை என்று தெரிந்தும் பின்னாலேயே வந்திருக்கிறான். வேறு யாரும் கூப்பிடவில்லையே.

பாலம் வந்தது. ஓட்டுநர் வழக்கம் தெரிந்தவர், வேகத்தைக் குறைத்தார். சென் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எந்தப் பெயர்? கணவனைக் கூப்பிட்டுக் கொழுந்தன் நின்றுவிட்டால்? கொழுந்தனைக் கூப்பிட்டுக் கணவன் மனம் நொந்தால்? வண்டியின் முன்சக்கரம் பாலத்தில் ஏறிற்று.

"அக்கா, கூப்பிடுங்க," என்றாள் லுவா.

சென் பேழையை நெஞ்சோடு அணைத்தாள். "ஏங்க, வின்னு, பாலம் வருது, பாத்து வாங்க. லிக்கு, டேய், பாலம்டா, கீழ பாக்காத, அண்ணன் கையப் பிடிச்சுக்க. யாரு வந்தாலும் வாங்க. வராதவங்க கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும்தான் கூப்பிடுறேன்."

ஆறு முடிகிற வரை இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பாலத்திலும் அப்படியே சொன்னாளாம். தான்ஹுவா வரைக்கும் எத்தனையோ ஆறு.

அக்கரையில் லுவா இறங்கிக்கொண்டாள். வேன் திரும்பி மறைகிற வரை நின்றாள். பிறகு பாலத்தின் மேலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் புதுக் கல்லறையில் ஒரு பெயர்தான் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் கிடக்கிற அளவு இடம் காலியாகவே இருக்கிறது, அங்கே அவள் செடிகூட வைக்கவில்லை. அவள் அண்ணன் அந்தச் செம்மண்ணில் எங்கோ இருக்கிறான். அவனோடு ஒரு குப்பி இருக்கிறதோ, அதன் மூடி இறுகியிருக்கிறதோ, யார் கண்டது?

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், சோறு ஆறிவிடும். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லோரும் போன காலோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுப் பெயர்கள் அத்தனையும் கூப்பிட்டால் உள்ளேயிருந்து பதில் வருகிற பெயர்களாக இருக்கட்டும். அடுப்பும் பிள்ளைகளும் விளக்குமாக நிறைந்து வாழுங்கள்.